வேகமும் பலமும்

"வேகமாக ஓட வேண்டும், அப்பா!" என்றாள் என் பெண்.

அமெரிக்காவில் 1992-ம் வருஷம் தொடங்கிய ‘பர்ஸ்ட்’ ரோபோப் பந்தயத்துக்காக அவள் பள்ளிக்கூடத்துக் கோஷ்டி யந்திரம் செய்து வந்தது. நான்கு ‘சிம்’ மோட்டார்கள். பாரமின்றி நிமிஷத்துக்குச் சுமார் 5,300 சுற்று. ஆறங்குலச் சக்கரத்துக்கு, அவ்வேகத்தை ஆறில் ஒரு பங்காக்கும் பல்சக்கரப் பெட்டியே போதும் என்றார்கள். எனக்குச் சந்தேகந்தான்; ஆயினும் உற்சாகத்தைக் கெடுப்பானேன் என்று தலையசைத்தேன்.

பந்தயத்தில் எதிரி யந்திரம் குறுக்கே மறித்தது. சுழலாமல் நின்ற மோட்டார்தான் மின்சாரத்தை மிகுதியாகக் குடிக்கும். 12 வோல்ட் பாட்டரி சோர்ந்தது. எங்கள் யந்திரம் மூர்ச்சையாயிற்று.

அன்றிரவு 10.71-க்கு 1 என்று பல்சக்கரங்களை மாற்றினோம். வேகம் ஏறக்குறையப் பாதியாயிற்று. தள்ளும் பலமோ முக்கால் பங்கு கூடிற்று. பெட்டி பலத்தைப் படைப்பதில்லை. வேகத்தைக் கொடுத்து வாங்குகிறது.

"தெரிந்தும் ஏன் அப்பா தலையசைத்தீர்கள்?" என்றாள் பெண்.

அதற்கு என்னிடம் விடை இல்லை.