கொடிக்கு ஒரு கோப்பை

திராட்சைக் குலையில் பூசணம் பிடித்தால் விவசாயிக்கு வயிறு கலங்கும். பிரான்சில் போர்தோ நகருக்குத் தென்கிழக்கே, கரோன் ஆற்றின் இடக்கரையில் இருக்கும் சோத்தெர்ன் கிராமத்தில் நடப்பது நேர்மாறு. செப்டம்பர் பிறந்துவிட்டால் பூசணம் இன்னும் வரவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். அந்தக் கிராமத்து மேட்டின் உச்சியில் ஒரு பழைய கோட்டை வீடு. அதைச் சுற்றி ஏறத்தாழ 100 ஹெக்டேரில் கொடிகள். பெயர் ஷாத்தோ டிக்கெம். தொழிலில் இருப்பவர்கள் இக்கெம் என்று சுருக்கிச் சொல்வார்கள். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற இனிப்பு ஒயின் இங்கேதான் பிறக்கிறது, அதுவும் அழுகிய பழத்திலிருந்து.

இங்கே முதல் முறையாக அறுவடைக்கு வருகிறவரின் கை தானாகவே அழகான குலையைத் தேடிப் போகும். பொன்னிறத்தில், பளபளவென்று, கடித்தால் சாறு தெறிக்கிற குலை. அதைத்தான் வெட்டக் கூடாது. வெட்ட வேண்டியது தோல் சுருங்கி, செம்பழுப்பாகி, சாம்பல் தூவியதுபோலக் கிடக்கும் பழத்தை. பார்த்தால் தொடவே மனம் வராது. பழகிய வெட்டுக்காரர்கள் அந்த நிலையை ‘வாட்டப்பட்டது’ என்ற பொருள்படும் ‘ரோத்தி’ என்ற பிரெஞ்சுச் சொல்லால் குறிக்கிறார்கள். அதற்கு முந்தைய நிலையில் பழம் முழுக்க நிறம் மாறியிருக்கும், ஆனால் உப்பலாகவே இருக்கும். அதற்கும் முன்பு தோலில் ஒன்றிரண்டு பழுப்புப் புள்ளிகள் மட்டும். சிக்கல் என்னவென்றால், இத்தனை நிலைகளும் ஒரே குலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆகவே கூர்முனைக் கத்தரியால் குலையின் ஒரு பகுதியை மட்டும், சில நாட்களில் நாலைந்து பழங்களை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, மீதியைக் கொடியிலேயே விட்டுவிட்டு நகர வேண்டும். சில நாள் கழித்து அதே கொடிக்குத் திரும்பி வருவார்கள். இப்படி ஐந்து சுற்று, ஆறு சுற்று. செப்டம்பரில் தொடங்குவது நவம்பர் வரை இழுத்துக்கொண்டு போகும்.

கண் மட்டும் போதாது. மூக்கும் நாக்கும் வேலை செய்ய வேண்டும். பழஈக்கள் மொய்த்த குலையில் புளித்த காடி வாசனை வரும். கருப்பாகவோ பச்சையாகவோ வேறு பூஞ்சை ஏறியிருந்தால் பழம் கசக்கும். சந்தேகம் வந்தால் ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். கசந்த பழங்கள் கூடையில் சேர்ந்துவிட்டால் அந்தக் கசப்பை எந்தப் பாதாள அறை வித்தகராலும் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

இந்தப் பூசணத்தின் பெயர் போட்ரிடிஸ் சினேரியா. மழை விடாமல் பெய்தால் இதே பூசணம் சாம்பல் அழுகலாக மாறித் தோட்டத்தையே நாசமாக்கும். சோத்தெர்னில் அது வரமாக இறங்குவதற்கு ஒரு சிற்றாறு காரணம். சிரோன் என்னும் அந்த ஆறு லாந்த் காட்டின் மர நிழலிலேயே ஓடிவருவதால் அதன் நீர் குளிர்ந்து கிடக்கும். வெதுவெதுப்பான கரோனோடு அது வந்து கலக்கும் இடத்தில் இலையுதிர்காலத்து விடியலில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பூசணம் முளைக்கிறது. நண்பகலில் வெயில் வந்து பனியைத் துடைத்துவிடும், காற்று ஈரத்தை உலர்த்திவிடும். காலையில் ஈரம், மாலையில் காய்ச்சல். பூசணத்தின் நுண்ணிழைகள் தோலைத் துளைக்க, அந்தத் துளைகள் வழியே பழத்தின் நீர் ஆவியாகிறது. சர்க்கரை திரள்கிறது. பூசணம் தன் பங்குக்குப் புளிப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு, வழுவழுப்பைத் தரும் கிளிசராலையும் பச்சைப் பழத்தில் இல்லாத வாசனைகளையும் விட்டுச் செல்கிறது. தோட்டத்தில் பெரும்பகுதி செமியோன் வகை. அதன் தோல் மெல்லியது என்பதால் பூசணத்துக்கு எளிதில் இடம் கொடுக்கும். மற்றது சோவின்யோன் ப்ளாங்.

பலன் என்று பார்த்தால் அற்பம். சோத்தெர்ன் ஒயினுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச விளைச்சல் ஹெக்டேருக்கு 2,500 லிட்டர். இக்கெமில் எடுப்பதோ சராசரியாக 900 லிட்டர்தான். ஹெக்டேருக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கொடி என்று வைத்து வகுத்துப் பாருங்கள். போர்தோவின் சாதாரணத் தோட்டத்தில் ஒரு கொடி ஏறக்குறைய ஒரு புட்டி கொடுக்கும்போது, இங்கே ஒரு கொடிக்கு ஒரு கோப்பை. ஓர் ஆண்டு முழுக்கக் கவாத்து செய்து, கட்டி, இலை கிள்ளி, உழுது வளர்த்த கொடி அது.

இந்த ஒயின் பிறந்த விதம் பற்றிப் பரவலாக ஒரு கதை உண்டு. 1847இல் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பிரபு ரஷ்யாவிலிருந்து திரும்பத் தாமதமாயிற்றாம். தான் வரும்வரை அறுவடை கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாராம். வந்து பார்த்தால் எல்லாம் அழுகிக் கிடந்ததாம். வேறு வழியின்றிப் பிழிந்தபோது அமுதம் கிடைத்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1666ஆம் ஆண்டின் ஓர் ஆவணமே, இந்த வட்டாரத்தில் அக்டோபர் நடுப்பகுதிக்கு முன் திராட்சை வெட்டும் வழக்கமில்லை என்று பதிந்து வைத்திருக்கிறது. காத்திருக்கும் கலை பிரபுவின் பயணத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு மூத்தது. தலைமுறை தலைமுறையாகக் கொடிகளுக்கு நடுவே குனிந்து நின்று கற்றுக்கொண்ட திறமையை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுவதுதான் அந்தக் கதையில் இருக்கும் அநியாயம்.

உண்மையான வரலாற்றில் நினைக்கத் தக்கவர் ஒரு பெண். சோவாஜ் குடும்பம் 1593 முதல் இந்த நிலத்தைக் கவனித்துவந்தது. அந்தக் குடும்பத்து ஃப்ரான்ஸ்வாஸ் ஜோசஃபீன் 1785இல் லூர்-சலூஸ் வீட்டில் வாழ்க்கைப்பட்டார். மூன்றே ஆண்டில் கணவர் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி. அவர் சிறையும் கண்டார். அத்தனைக்கும் நடுவில் தோட்டத்தைக் கைவிடாமல் காத்து, 1826இல் ஒயினுக்கென்று தனிக் கிடங்கு கட்டினார். அது அந்தக் காலத்தில் துணிச்சலான செலவு. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் 1787இல் போர்தோவுக்கு வந்துபோன பின், 1784ஆம் ஆண்டு இக்கெமில் 250 புட்டிகளுக்குக் கடிதம் எழுதினார். 1855இல் போர்தோ ஒயின்கள் தரம் பிரிக்கப்பட்டபோது, இனிப்பு வெள்ளை ஒயின்களில் முதல் தரத்துக்கும் மேலே ஒரு தனிப்படி அமைத்து, அதில் இக்கெமை மட்டும் உட்கார வைத்தார்கள். இன்றுவரை அந்தப் படியில் துணை இல்லை.

அதே 19ஆம் நூற்றாண்டில் நடந்த இன்னொரு வேலையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. மேட்டின் மேல்மண் சரளை, அடியில் கெட்டிக் களிமண். மழை பெய்தால் நீர் இறங்காமல் வேரில் தேங்கும். ஆகவே மண்ணுக்கு அடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்தார்கள். மொத்த நீளம் சுமார் 100 கிலோமீட்டர். கோட்டைக்கு வரும் விருந்தினர் கோபுரத்தைப் படம் பிடிக்கிறார்கள். இந்த ஒயினைத் தாங்கி நிற்பது அவர்கள் காலடியில் இருக்கிறது.

கிடங்குக்கு வருவோம். வற்றிய பழத்தைப் பிழிவது வெல்லப் பாகைத் துணியில் வடிகட்டுவது போன்றது. மெதுவாக, திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். பொதுவாகச் சிவப்பு, வெள்ளை ஒயின்களுக்கு முதல் பிழிவு சிறந்தது. இங்கே பின்னால் வரும் பிழிவுகளில்தான் சர்க்கரை கூடுதல். சாறு புதிய ஓக் பீப்பாய்களில் நொதிக்கிறது. இந்த இடத்தில் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் தொழிலின் சூட்சுமம் பிடிபடும். சாற்றிலுள்ள சர்க்கரை முழுதும் சாராயமானால் 20 சதவீதம் வரும் என்ற அளவில் பழம் இருந்தால், ஈஸ்ட் 14 சதவீதம் அருகே களைத்துப் படுத்துவிடும். மீதிச் சர்க்கரை இனிப்பாகத் தங்கும். லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் இனிப்பு, அதைத் தாங்கும் சாராயம், இரண்டையும் நிமிர்த்தி நிறுத்தும் புளிப்பு. பழம் குறைவாக வற்றியிருந்தால் ஒயின் வெளிறிப்போகும். அளவுக்கு மீறி வற்றினால் ஈஸ்ட் சீக்கிரமே சோர்ந்து, திகட்டும் பாகு மிஞ்சும். ஆக, கோப்பையில் சமநிலை என்று நாம் புகழ்வதைத் தீர்மானித்தது, அக்டோபரில் ஒரு பிற்பகல் கத்தரியை எந்தப் பழத்துக்கு நீட்டினார்கள் என்பதுதான்.

ஒவ்வொரு நாள் வெட்டும் தனித்தனிப் பீப்பாயில் கிடந்து வளரும். பீப்பாய்க் கட்டை வழியே ஆவியாகிக் குறையும் அளவை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஒன்றொன்றாகச் சுவைத்து, தேறாததை ஒதுக்குவார்கள். முன்பு மூன்றாண்டுக்கு மேல் பீப்பாயில் வைத்திருந்தார்கள். இப்போது ஏறக்குறைய இரண்டாண்டு. பழத்தின் தெளிவு கெடாமல் இருக்க இந்தக் குறைப்பு உதவியிருக்கிறது. 1998 முதல் 2022 வரை இந்தக் கிடங்கின் பொறுப்பாளராக இருந்தவரும் ஒரு பெண்தான், சாந்த்ரீன் கார்பே.

சில ஆண்டுகளில் ஒதுக்குவது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992 ஆகிய ஆண்டுகளின் எண் பொறித்த இக்கெம் புட்டி உலகில் எங்கும் கிடையாது. தேறவில்லை என்று முடிவு செய்து, தோட்டத்தின் பெயர் போடாமலே விலக்கிவிட்டார்கள். 2012இலும் மழை கெடுத்தது. அந்த டிசம்பரிலேயே, இந்த ஆண்டு இக்கெம் கிடையாது என்று நிர்வாகி பியேர் லூர்த்தோன் அறிவித்தார். தோட்டம் 1999இல் எல்விஎம்ஹெச் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போனபோது, நான்கு நூற்றாண்டு குடும்பப் பிடிவாதம் இனி நிலைக்குமா என்று பலர் அஞ்சினார்கள். 2012 அதற்குப் பதில் சொன்னது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதே நியாயம். ஓராண்டு வருமானத்தை உதறும் வலிமை பெரிய கைகளுக்குத்தான் உண்டு. பக்கத்தில் சில ஹெக்டேர் மட்டும் வைத்திருக்கும் குடும்பம் அதே மழையில் நனைந்து, அதே சுற்றுகளைச் சுற்றி, கிடைத்ததை விற்றுத்தான் அடுத்த ஆண்டுக் கவாத்துக் கூலியைக் கொடுக்க வேண்டும். அவர்களும் விடாமல் காத்திருக்கிறார்கள் என்பது இந்த வட்டாரத்தின் பெருமை.

இனி கோப்பை. இளம் இக்கெம் வைக்கோல் பொன் நிறம். அன்னாசி, ஆரஞ்சுத் தோல், பீப்பாயிலிருந்து ஏறிய வனிலா. இருபது, முப்பது ஆண்டுகளில் நிறம் தேனாகி, பிறகு செம்பொன்னாகும். உலர்ந்த ஆப்ரிகாட், குங்குமப்பூ, பொன் பதத்தில் காய்ச்சிய சர்க்கரை ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்த வகை ஒயின்களின் வாசனைக்குப் பங்களிக்கும் பொருள்களில் ஒன்று சொட்டலான். வெந்தயத்துக்கு அதன் மணத்தைக் கொடுப்பதும் அதே பொருள்தான். வறுத்த வெந்தய வாசனையில் வளர்ந்த மூக்குக்குப் பழைய சோத்தெர்னில் ஏதோ ஒன்று முன்பே பழக்கமானதாகத் தோன்றினால், அது பிரமையல்ல.

பரிமாறுவதில் வழக்கமாக நடக்கும் பிழை இரண்டு. பனிக்கட்டி போல் குளிரவைத்தால் மணம் அடைந்துபோகும். பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும், கோப்பையில் அது மெல்ல ஏறட்டும். இரண்டாவது, இனிப்பு ஒயின் என்றதும் கேக்கோடு கொண்டுவந்து வைப்பது. இனிப்பின் மேல் இனிப்பு வந்தால் ஒயின் தட்டையாகிவிடும். உப்பும் கொழுப்பும்தான் இதற்குத் தோழர்கள். நீலப் பூசணம் ஓடிய ரொக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு ஒரு வாய் அருந்தினால் உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். வாத்து ஈரலில் செய்யும் ஃபுவா கிரா அந்த ஊர் மரபு. நன்றாக வாட்டிய கோழிக்கும் அருமையாகப் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

2011இல் ஒரு புட்டி 1811ஆம் ஆண்டு இக்கெம் 75,000 பவுண்டுக்கு விலைபோனது. வெள்ளை ஒயினுக்கு அன்று அதுவே உலகச் சாதனை. இருநூறு ஆண்டு தாங்கும் ஒயின் என்பதற்கு அது சான்றுதான். ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் போன புட்டி, வெட்டிய கைகளுக்குச் செய்யும் மரியாதை பாதிதான். ஒயின் திறக்கப்பட வேண்டும்.

இக்கெம் எட்டாத விலை. அதனால் என்ன? அதே மூடுபனியில் நனைந்த சுய்துய்ரோ, கிரோ, ரியூஸெக், பார்சாக் கிராமத்து க்ளிமான்ஸ் எல்லாம் 1855 பட்டியலில் முதல் தரத்தில் நிற்பவை. அவற்றுக்குக் கொடுக்கும் விலை, அந்த வெட்டுக்காரர்களின் உழைப்பை எண்ணிப் பார்த்தால் குறைவே. உலகமே இனிப்பு ஒயினிலிருந்து முகம் திருப்பிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்தத் தோட்டங்களுக்கு வாங்குகிறவர்கள் தேவை. அரைப் புட்டியாக வாங்குங்கள். நாலைந்து பேருக்கு அது போதும். மிஞ்சினால் கார்க்கை இறுக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஒரு வாரம் கெடாது. அந்தப் பக்கம் போக வாய்த்தால் அக்டோபரில், பனி விலகுவதற்கு முன் போய், ஒரு குலையை அருகில் நின்று பாருங்கள்.