ஆயரும் அரசராய் வீற்றிருக்கும் மலைநாடு

பிரான்சு நாட்டிற்கும் ஸ்பெயின் நாட்டிற்கும் நடுவே, பிரினீஸ் மலைகளின் மடிப்பில் ஒளிந்தாற்போல் கிடக்கிறது அந்தோரா. பரப்பு 468 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஓர் இலட்சத்தையும் எட்டவில்லை. நம் மறைமாவட்டங்களுள் பலவும் இந்நாட்டைவிடப் பன்மடங்கு பெரியவை. லூர்து நகருக்கும், பார்சலோனாவை அடுத்த மொன்செராத் மலைக்கும் திருயாத்திரை செல்லும் நம் குடும்பத்தினர், இடையிலுள்ள இம்மலைநாட்டையும் ஓரிரு நாள் கண்டு வரலாமே என்று எண்ணுவதுண்டு. எண்ணுவது நன்று. ஆனால் அவ்வெண்ணம் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்பே தோன்றிவிட வேண்டும். வழியில் தோன்றினால் பயனில்லை.

காரணம் இதுதான். சுற்றுலாப் பயணிகளிடம் அந்தோரா தனியாக விசா எதுவும் கேட்பதில்லை. ஆனால் அந்நாட்டில் விமான நிலையமும் இல்லை, இரயில் பாதையும் இல்லை. பிரான்சு வழியாகவோ ஸ்பெயின் வழியாகவோ சாலையில் சென்றே அதனுள் நுழைய வேண்டும், மீள்வதும் அவ்வாறே. அவ்விரு நாடுகளும் ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்தவை; அந்தோரா சேராதது. ஆகவே அந்தோராவின் எல்லையைக் கடந்த கணத்தில் நீங்கள் ஷெங்கன் நாடுகளைவிட்டு வெளியேறியவர் ஆகிறீர்கள். திரும்பி வருவது இரண்டாம் நுழைவு. உங்கள் விசா ஒரே நுழைவுக்கு உரியதாயின், மீளும் வழி அடைபட்டுவிடும். விசாத் தாளில் நுழைவுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் கட்டத்தைப் பாருங்கள். ‘மல்ட்’ என்றிருந்தால் கவலையில்லை. ‘1’ என்றிருந்தால் அந்தோராவை மறந்துவிடுங்கள். எல்லையில் சில நாட்களில் ஒன்றும் பாராமலே விட்டுவிடுகிறார்கள் என்பது மெய்யே. அதை நம்பிக் குழந்தைகுட்டிகளோடு போவது அறிவுடைமை ஆகாது.

எல்லைக்கு இப்பால், ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டரில், லா சேயு த உர்ஜெல் என்னும் ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர் இருக்கிறது. அங்கே நம் நாட்டுக் குடும்பம் ஒன்றைச் சந்தித்தோம். எழுபதைக் கடந்த தாயாரை அந்தோராவிலுள்ள மெரிச்செல் மாதா திருத்தலத்திற்கு அழைத்துச் செல்லவே மகன் அவ்வளவு தூரம் வந்திருந்தார். ஊரில் பயணச்சீட்டு ஏற்பாடு செய்தவர், ஒருமுறை நுழைவு விசாவே போதும் என்று கூறிவிட்டாராம். விடுதிக்காரர் சொல்லித்தான் உண்மை தெரிந்தது. மகன் கோபப்பட்டார், தாயார் கோபப்படவில்லை. அவ்வூரின் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேராலயத்தில் செபமாலையுடன் நெடுநேரம் அமர்ந்திருந்தார். “இவ்வளவு கிட்ட வந்தோமே தம்பி” என்று மட்டும் நம்மிடம் கூறினார்.

விசாவுக்குப் பயணநாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்தில் அதிக நாட்கள் தங்கப்போகும் நாட்டின் தூதரகமே உரிய இடம். விண்ணப்பத்திலேயே அந்தோராப் பயணத்தைக் குறிப்பிட்டுப் பலமுறை நுழைவு கேட்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது அந்தோராவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்சலோனா விமான நிலையத்திலிருந்தும் நகரின் சான்ஸ் இரயில் நிலையத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு. மூன்று முதல் மூன்றரை மணி நேரத்தில் தலைநகரான அந்தோரா லா வெல்லாவில் இறக்கிவிடும். பிரான்சில் துலூஸ் நகரிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவே நேரம். இவ்வழி 2,408 மீட்டர் உயரமுள்ள என்வலிரா கணவாயைக் கடக்கிறது. கணவாயின் அடியே 2002-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுரங்கச் சாலை உண்டு. அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். குளிர்காலத்தில் பனி மூடிச் சாலை அடைபடலாம். முதியோருடன் செல்வோர் ஸ்பெயின் பக்கத்து வழியைக் கொள்வதே நலம். அது பள்ளத்தாக்கை ஒட்டியே ஏறுகிறது. பனிச்சறுக்கு விரும்பாத நம்மவர்க்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். அப்போதும் மாலையில் கம்பளிச் சட்டை வேண்டும். தலைநகரே ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் தலைநகர்களுள் இதுவே மிக உயரமானது.

செலாவணி யூரோ. ஆட்சிமொழி கத்தலான், ஸ்பானியமும் பிரெஞ்சும் எங்கும் செல்லும். கைபேசியில் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கிய சிம் அட்டையின் சலுகைகள் அந்தோராவுக்குள் பொதுவாகச் செல்லா. ஒரு மணி நேரம் படம் பார்த்தாலே கட்டணம் கண்ணீரை வரவழைக்கும். எல்லையில் இணைய வசதியை அணைத்துவிடுக. கடிதம் எழுதுவோர்க்கு ஒரு வேடிக்கை: ஸ்பெயின் அஞ்சலும் பிரெஞ்சு அஞ்சலும் இரண்டுமே அங்குப் பணிபுரிகின்றன. ஒன்றின் தபால்தலையை ஒட்டி மற்றதன் பெட்டியில் போட்டால் செல்லாது. ‘திரின்சாத்’ என்று முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் மசித்துப் பொரித்துத் தருவார்கள். நம் நாவுக்கு ஏற்றதே. அதன்மேல் பன்றிக்கொழுப்பு இருக்கும் என்பதை வெள்ளிக்கிழமை ஒறுத்தல் காப்போர் நினைவில் கொள்க. வரி குறைவென்று கடைவீதியில் பெருங்கூட்டம். வாங்கிய பொருளுக்கு அளவுண்டு. திரும்பும்போது சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

இனி, நம் வாசகர்களுக்குச் சுவையான செய்திக்கு வருவோம். இந்நாட்டிற்கு அரசர் இருவர். ஒருவர் உர்ஜெல் மறைமாவட்ட ஆயர். மற்றவர் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர். 1278-இல் ஆயரும் ஃபுவா பிரபுவும் செய்துகொண்ட உடன்படிக்கையே இதன் வேர். முற்காலத்தில் மக்கள் ஓராண்டு ஒருவர்க்கும் மறு ஆண்டு மற்றவர்க்குமாகத் திறை செலுத்தினர். ஆயரின் பங்கில் பன்றித் தொடையும் பாலாடைக்கட்டியும் கொழுத்த சேவல்களும் இருந்தன. 1993-ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குப் பின் ஆட்சி மக்கள் பிரதிநிதிகள் கையில். நாட்டின் ஏழு பிரிவுகளுக்கும் இன்றளவும் ‘பங்கு’ என்றே பெயர். 1580-இல் கட்டப்பட்ட பழைய மன்றத்தில் ஏழு பூட்டுள்ள அலமாரி ஒன்று உண்டு. பங்குக்கு ஒரு சாவி. எழுவரும் கூடினாலன்றிப் பத்திரங்கள் வெளியே வாரா. நம் பங்குப் பேரவைகளுக்கும் ஒன்று செய்து கொடுக்கலாமோ என்று தோன்றிற்று!

மெரிச்செல் மாதாவே நாட்டின் பாதுகாவலி. குளிர்காலத்து மூன்று அரசர் திருநாளன்று பூத்திருந்த காட்டு ரோசாச் செடியின் அடியில் மாதாவின் சுரூபம் கண்டெடுக்கப்பட்டதென்றும், பிற ஊரார் தம் கோவிலுக்கு எடுத்துச் சென்றபோதெல்லாம் அது அச்செடியடிக்கே மீண்டதென்றும் மரபு கூறுகிறது. திருநாள் செப்டம்பர் 8; அதுவே நாட்டின் தேசியநாளும் ஆகும். 1972-ஆம் ஆண்டு அத்திருநாள் இரவில் கோவில் தீப்பற்றி, தொன்மையான சுரூபம் சாம்பலாயிற்று. கட்டடக்கலைஞர் ரிக்கார்தோ போஃபில் வடிவமைத்த புதிய ஆலயம் 1976-இல் திறக்கப்பட்டது. அங்குள்ளது பழைய சுரூபத்தின் படியே. புத்தாலயத்தின் வெள்ளை வளைவுகள் அழகியவைதாம். எனினும் அருகே செப்பனிடப்பட்டு நிற்கும் பழைய சிறு கோவிலே நம் மனத்தைக் கவர்ந்தது. அந்தோரா லா வெல்லாவிலிருந்து என்காம்ப் வழியாகக் கனில்லோ செல்லும் பேருந்தில் ஏறி, மெரிச்செல் என்று கூறினால் பெருஞ்சாலையில் இறக்கிவிடுவர். அங்கிருந்து ஏற்றம். மூட்டுவலியுள்ள பெரியவர்களுக்குத் தலைநகரிலேயே வாடகைக் கார் அமர்த்திக்கொள்வது நலம். திரும்பவும் அதே கார் வேண்டுமென்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.