ஆயிரம் இசைத்தட்டுகள்

பல வருடங்களுக்கு முன் எம்மிடம் படித்த மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, கிற்றாரைத் தோளிற் சுமந்தபடி எம் வீட்டுக்கு வந்தான். நண்பர்களுடன் சேர்ந்து இசைக்குழு அமைக்கப் போவதாகச் சொன்னான். "முதலில் ஒரு வேலையைத் தேடு தம்பி, பாட்டைப் பிறகு பார்க்கலாம்" என்று புத்தி கூறி அனுப்பினோம். போகும்போது ஓர் இசைத்தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். ஸ்கொட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்தின் 'பெல் அன்ட் செபஸ்தியன்' என்னும் குழுவினருடையது அது. நெடுங்காலம் நாம் அதைத் தொடவே இல்லை.

கேட்ட பின்னரே அக்குழுவின் கதையைத் தேடிப் படித்தோம்.

கிளாஸ்கோ கப்பல் கட்டிய நகரம். 1971இல் கிளைட் நதிக்கரைத் தொழிலாளர் தம் கப்பற்றளங்களை மூடவிடாது தாமே பொறுப்பேற்று வேலை செய்த போராட்டத்தை வாசகருட் பலர் அறிந்திருப்பர். ஆயினும் பின்வந்த வருடங்களில் தளங்கள் பல மூடுண்டன, வேலையின்மை பெருகிற்று. 1990களில், வேலையற்ற இளைஞருள் இசை நாட்டமுடையோர்க்கென 'பீற்பொக்ஸ்' என்ற பயிற்சித் திட்டமொன்று அரசாங்கச் செலவில் அங்கு நடந்தது. ஸ்டுவேட் மேர்டொக்கும் ஸ்டுவேட் டேவிட்டும் அங்கேதான் சந்தித்தனர். மேர்டொக் தீராக் களைப்பு நோயால் பல வருடங்கள் வீட்டோடு முடங்கிக் கிடந்தவர். அந்நாள்களிலேதான் பாட்டெழுதத் தொடங்கினார். பயிற்சி வெகு சீராக நடந்ததென்று எண்ணிவிட வேண்டாம். அந்நாள்களைப் பற்றி டேவிட் 2015இல் வெளியிட்ட நினைவு நூலைப் படிப்போர்க்கு அங்கு நிலவிய குழப்பம் புரியும். வேலையற்றோர் தொகையைக் குறைத்துக் காட்டும் தந்திரமே இத்தகைய திட்டங்கள் என்ற குற்றச்சாட்டும் பிரித்தானியாவில் இருந்தது. இருந்தும், ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள அவர்களுக்கு ஓர் அறை கிடைத்ததே!

அடுத்த உதவியும் பொதுப் பணத்தால் நடந்த கல்விக்கூடம் ஒன்றிலிருந்தே வந்தது. ஸ்டோ கல்லூரியில் இசைத் தொழில் பயின்ற மாணவர், 'எலெக்ட்றிக் ஹனி' என்ற தமது வெளியீட்டகத்தின் பேரில் வருடந்தோறும் ஓர் இசைத்தட்டு வெளியிடுவர். வழக்கமாக ஒரு பாட்டுக்கான சிறு தட்டுத்தான். இக்குழுவிடம் பாடல்கள் நிறைய இருந்தமையால் முழு நீளத் தட்டாகவே கொண்டுவந்தனர். மூன்றே நாளில் ஒலிப்பதிவு முடிந்தது. 1996 யூனில் 'டைகர்மில்க்' வெளிவந்தது. அச்சிட்டவை 1000 பிரதிகள். பின்னாளில் அவற்றுக்கு நூற்றுக்கணக்கான பவுண் கொடுக்க இரசிகர் முன்வந்தனர். அதனை வெளியிட்ட மாணவர்க்கு அதில் என்ன கிடைத்திருக்கும்?

அதே வருடம் 'ஜீப்ஸ்டர்' என்ற சிறு நிறுவனத்தின் மூலம் இரண்டாவது தட்டும் வந்தது. பத்திரிகைப் பேட்டிகளையும் விளம்பரப் படங்களையும் குழுவினர் ஆரம்பத்திற் பெரும்பாலும் தவிர்த்தனர். தேவாலய மண்டபங்களிற் பாடினர். மேர்டொக்கே ஒரு தேவாலய மண்டபத்தின் காவற்பணியாளராக இருந்து, அதன் மேல்மாடியில் வாழ்ந்தவர். 1999இல் பிரித்தானியாவின் 'பிறிட்' விருது விழாவில், பேர்போன வணிகக் குழுக்களை முந்திப் புதுமுகங்களுக்கான பரிசைப் பெற்றனர். வாக்களிப்பைப் பற்றிச் சர்ச்சையும் எழாமலில்லை.

இப்பாடல்களில் வர்க்கப் போராட்டம் எங்கே என்று தோழர்கள் கேட்கக் கூடும். நேராக இல்லைத்தான். பள்ளியில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள், நோயாளிகள், கூச்சமுள்ள காதலர் ஆகியோரே அவற்றில் உலவுகின்றனர். சில பாடல்களின் மென்மை எமக்குச் சற்றுத் திகட்டவும் செய்தது. முகங்காட்டாத கூச்சமும் நாளடைவில் ஒருவகை விளம்பரமாகிவிட்டதென்றே நினைக்கிறோம். ஆனால் 'சுயாதீன இசை' என்று பலரும் புகழும்போது, அந்தச் சுயாதீனத்துக்கு வேலையற்றோர் பயிற்சியும் மாணவர் உழைப்பும் இடங்கொடுத்தன என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எம் வாசலில் நின்றவனுக்கு அவை எதுவும் இருக்கவில்லை. எம் புத்திமதி மாத்திரமே இருந்தது.

அவன் இப்போது கொழும்பில் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறான். சென்ற தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது எம்மையும் பார்க்க வந்தான். தட்டைத் திருப்பிக் கொடுத்தோம். "கேட்டீங்களோ, சேர்?" என்றான்.

கிற்றார் எங்கே என்று கேட்க எமக்கு நா எழவில்லை.