கை கேட்கும் இசை

குடுமியான்மலை சிகாநாதரைக் கும்பிட்டுவிட்டு, பலர் அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர் வந்தும் மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையைப் பார்க்காமல் போவது எனக்குப் பொறுக்காது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் பல்லவ கிரந்த எழுத்தில் அங்கே வரிவரியாக ஸ்வரங்கள். நான்கு நான்காகக் கோத்த தொகுதிகள், மத்தியமகிராமம், சட்ஜகிராமம் முதலான ஏழு பிரிவுகள். ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று முடிவில் பொறித்திருக்கிறது. அவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தானா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓயவில்லை. ஓயாவிட்டால் போகட்டும். ஓலையில் எழுதி அரண்மனைப் பெட்டியில் பூட்டியிருக்கக்கூடியதை அவன் பாறையில் வெட்டவைத்தான். அது போதும் எனக்கு. ஆனாலும் ஒரு மாணவன் வந்து, அதைப் பார்த்துத் தந்தியில் விரல் வைத்தாலொழிய அதில் சத்தம் கிடையாது.

நம் இசைத்தூண்களும் அப்படித்தான். நெல்லையப்பர் கோயிலில் ஒரே கல்லில் நடுத்தூணைச் சுற்றி 48 சிறு தூண்கள். மதுரை மீனாட்சி கோயிலில் வடக்குக் கோபுரத்தருகே ஐந்து தூண்கள், ஒவ்வொன்றிலும் 22 சிறு தூண்கள். பருமனும் நீளமும் மாற மாற அதிர்வு மாறும், ஒலியும் மாறும். விரலால் மெல்லத் தட்டினாலே போதும். நம்மவர்கள் காசாலும் கல்லாலும் தட்டினார்கள். ஹம்பி விட்டலர் கோயிலில் இன்று தட்டவே தடை. தடை போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தொடத் தெரியாத கையிலிருந்து தூணைக் காப்பாற்ற வேறு வழி என்ன?

இப்போது, தொடக் கையே வேண்டாத கோயில் மின்சார மேளத்துக்கு வருகிறேன். ஒரு மோட்டார், ஒரு சக்கரம், அதோடு சுழலும் கம்பிகள். முரசில் குச்சி விழும், மணிகள் ஆடும், சேகண்டி அதிரும். தீபாராதனைக்குச் சுவிட்சைப் போட்டால் கோயிலே கிடுகிடுக்கும். மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத சின்னக் கோயிலில், ஒரு கையில் தீபமும் மறு கையில் மணியுமாகத் தனியாக நிற்கும் பூசாரிக்கு அது உதவிதான். ஆனால் இருபது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் சந்நிதியில் மோட்டாருக்கு என்ன வேலை?

நான் சிறுவனாக இருந்தபோது சாயரட்சைக்குச் சேகண்டி அடிக்கப் பையன்களுக்குள் அடிதடி நடக்கும். கிடைத்தவன் முதலில் வெறி பிடித்தவன்போல் அடிப்பான். சங்கு ஊதுகிறவர் திரும்பி ஒரு முறை முறைப்பார். அப்புறம்தான் பக்கத்து மணியின் சத்தம் அவன் காதில் விழும். கை அதற்கேற்ப இறங்கும். அடுத்தவன் தாளத்தைக் கேட்டு நம் கையை அடக்குவதை எங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. மோட்டாரோ யாரையும் கேட்காது. அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூட நமக்குக் கேட்பதில்லை!

அடுத்தவரைக் கேட்கவைக்கும் கருவியை வெளிநாட்டில் யோசித்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2011-இல் தெருவோரம் 21 ஊஞ்சல்கள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஆடினால் ஒரு ஸ்வரம் எழுப்பும். சில மெட்டுகள் மட்டும், பலர் ஒத்து ஆடினால்தான் வரும். முன்பின் தெரியாதவர்கள் அங்கே ஒருவரையொருவர் பார்த்து ஆடினார்கள். அதுவும் கருவிதான், மின்சாரத்தில் ஓடுவதுதான். ஆனால் ஆளைத் தள்ளி நிறுத்தாமல் கூப்பிடுகிற கருவி. கருவிகளை நான் இப்படித்தான் தரம் பிரிப்பேன்.

கோயில் கமிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டாரைக் கழற்ற வேண்டாம். ஆள் இல்லாத நாளுக்கு இருக்கட்டும். பிள்ளைகள் வரும் வெள்ளிக்கிழமையில் மட்டும் சுவிட்சைப் போடாதீர்கள். சேகண்டியை அவர்களிடம் கொடுங்கள். முதல் நாலு வாரம் காது வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.