தளைநாரும் இரும்புச் சங்கிலியும்

மலையென்று சொல்லத்தக்க மேடொன்றேனும் இல்லாத யாழ்ப்பாணத்துச் சமவெளியிற் பிறந்தவன் நான். எங்கள் கீரிமலையும் பெயரளவிலேயே மலை. ஆதலால், விடுதி நண்பர்கள் சிவனொளிபாதமலைக்குச் செல்வதென முடிவுசெய்தபோது, நானும் வருவதாகச் சொன்ன என் நாவை நானே நொந்துகொண்டேன்.

2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரிகர் செல்வர். பௌத்தர், இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய நால்வகைச் சமயத்தாரும் போற்றும் மலை அது. நல்லதண்ணி வழியே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள. உச்சியை அண்மிய பகுதி மிகச் செங்குத்தானது. அங்கே இரும்புக் கைபிடிகளைப் பற்றியே ஏறுதல் வேண்டும். 1344ஆம் ஆண்டில் இம்மலை ஏறிய இபின் பதூதா, பாறையில் அறையப்பெற்ற இரும்பு முளைகளையும் அவற்றிற் பிணைத்த பத்துச் சங்கிலிகளையும் பற்றி எழுதியுள்ளார். பத்தாவது சங்கிலியை அடைந்து கீழே நோக்குவோர், விழுந்துவிடுவோமோ என அஞ்சிக் கலிமாவை ஓதுவராம். உலகைச் சுற்றியவர் கண்ட மனிதருக்கே அந்நிலையெனின் என் நிலை என்னாகும்?

ஒரு மாதகாலம் விடுதிப் படிகளில் நாள்தோறும் ஏறி இறங்கினேன். கால்கள் பழகின, மனம் பழகவில்லை. உயரம் எனக்குத் தலைச்சுற்றைத் தருமென நண்பரிடம் கூறி வந்தேன். அது முழு உண்மையன்று. என் தந்தையார் சீவல் தொழிலாளி. எனக்கு எட்டு வயதாயிருக்கையில், அவர் பனையிலிருந்து விழுந்ததை என் கண்ணாற் கண்டேன். அன்றுமுதல் அவர் இடக்கால் முழுமையாக மடங்குவதில்லை. அவர் தொழிலை நான் எவரிடமும் சொன்னதுமில்லை.

விடுமுறையில் வீடு சென்றபோது, பயணத்தைப் பற்றி அவரிடம் தயங்கித் தயங்கிக் கூறினேன். அவர் சிரித்தார்.

“தம்பி, கையாலை இறுக்கிப் பிடிச்சியெண்டால் கெதியிலை களைச்சுப்போவாய். பாரம் காலிலை நிக்கவேணும், கை துணைக்குத்தான்.”

“ஐயா, உங்களுக்குப் பயம் இருக்கேல்லையோ?”

“ஒவ்வொரு நாளும் இருந்தது. பயம்தான் பார்த்து ஏறச் சொல்லும். அண்டைக்கு அவசரத்திலை தளைநாரைப் பாராமல் ஏறினனான். அது இத்துப்போய் இருந்தது.”

பன்னிரண்டு ஆண்டுகளாக, உயரமே அவரை வீழ்த்தியதென நம்பியிருந்தேன். வீழ்த்தியதோ, பார்க்கத் தவறிய ஒரு நார். அச்சத்தை வெல்வதே ஆயத்தம் என எண்ணியிருந்த எனக்கு, அச்சம் சொல்வதைக் கேட்பதே ஆயத்தம் என்பது அன்று விளங்கிற்று.

விடுதிக்குத் திரும்பியதும் முதலிற் சப்பாத்துகளைப் புரட்டிப் பார்த்தேன். அடித்தோல் தேய்ந்து வழுவழுப்பாயிருந்தது, மாற்றுவித்தேன். மின்சூளுக்குப் புதிய மின்கலங்கள், உச்சிக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, இறங்கும்போது முழங்காலைத் தாங்க ஒரு தடி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டேன். ஏறக் கற்றது யாரிடமென நண்பர்கள் கேட்டனர்.

“ஐயாவிடம். அவர் பனை ஏறியவர்” என்றேன்.

வரும் பௌர்ணமிக்குப் புறப்படுகிறோம். அச்சம் இன்னும் இருக்கிறது. அதனையும் உடன் அழைத்தே செல்கிறேன்.