அந்த்ரேட்டாவில் ஒரு பச்சைப் பானை

தில்லியிலே ஜூன் மாதத்து அனற்காற்றை அனுபவித்தவர்களுக்கு மலையை நோக்கிப் புறப்பட வேறு காரணம் வேண்டியதில்லை. ஆயினும் எந்த மலைக்குச் செல்வது என்பதில் எங்கள் இல்லத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. அன்னையார் ஹரித்துவாரம் என்றார். குழந்தைகள் மணாலி என்றார்கள். முடிவில் இரு கட்சியாரும் கேள்விப்பட்டிராத அந்த்ரேட்டாவுக்குச் செல்வதென்று தீர்மானித்தோம். இமாசலப் பிரதேசத்தில், காங்ரா பள்ளத்தாக்கிலே பாலம்பூருக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. கலைஞர்கள் குடியேறிய ஊர்.

வாடகை மோட்டாரில் விடியற்காலம் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவர் ஒரு சீக்கியப் பெரியவர். நண்பகலுக்கு முன் சண்டிகரை அடைந்து, நேக்சந்தின் கற்றோட்டத்தைக் கண்டோம். பிரிவினையில் ஊரை இழந்து வந்து, சாலை மேற்பார்வையாளராக வேலை பார்த்த மனிதர் அவர். 1957இல் தொடங்கி, யாருக்கும் தெரியாமல், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் சேர்த்து உருவங்கள் செய்து காட்டுக்குள் நிறுத்திவைத்தார். அது 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குழந்தைகள் வெளியே வர மறுத்தார்கள். வெயில்தான் அவர்களை விரட்டியது.

ஊனாவைக் கடந்து மலைப்பாதை வளையத் தொடங்கியதும் குழந்தைகளுக்குத் தலைசுற்றல் கண்டது. அதை மறக்கச் செய்ய அன்னையார் பேத்தியைக் குறள் சொல்லச் சொன்னார். சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் பரிசு பெற்றவள் ஆயிற்றே! வினைத்தூய்மை அதிகாரத்தைப் பத்துப் பாட்டும் பிசகாமல் ஒப்பித்தாள்.

"கடைசிப் பாட்டில் பசுமட்கலம் என்று வருகிறதே, அது என்ன, கண்ணே?" என்று கேட்டார் அன்னையார்.

"பசுமாட்டிடம் பால் கறக்கும் பாத்திரம், பாட்டி" என்றாள் அவள், சற்றும் தயங்காமல்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அன்னையார் சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவர் யார்மேல் வருத்தப்பட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். பரிசுக் கோப்பையை அலமாரியில் வைத்தவர்கள் நாங்கள்தாமே!

பாலம்பூரைச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. வடக்கே தௌலாதார் மலைத்தொடர், எஞ்சிய பனியுடன் சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் அடியில் தேயிலைத் தோட்டங்கள். நீலகிரியைக் கண்டவர்களுக்கு இவை சிறியனவாகத் தோன்றும். ஆனால் நீலகிரியில் இந்தப் பனிச்சுவர் இல்லை. 1905 ஏப்ரல் 4ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பம் இப்பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 20,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயர் பலர் விற்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அந்த்ரேட்டா. மூங்கில் புதர்களுக்கிடையே குறுகிய பாதை. முதலில் நோரா ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் இல்லத்தைக் கண்டோம். அயர்லாந்தில் பிறந்த நாடக நடிகை. கணவருடன் லாகூருக்கு வந்து, பஞ்சாபி மாணவர்களைத் தங்கள் மொழியிலேயே, தங்கள் வாழ்க்கையைப்பற்றியே நாடகம் எழுதத் தூண்டியவர். கணவர் மறைந்தபின் இவ்வூரில் மண்சுவரும் பலகைக்கல் கூரையுமாக வீடு கட்டிக்கொண்டு, 1971இல் காலமாகும் வரை வாழ்ந்தார். அன்னையார் அந்த மண்சுவரைத் தொட்டுப் பார்த்து, "நம் ஊர்ச் சுவர் மாதிரியே இருக்கிறது" என்றார். இந்தப் பயணத்தில் அவர் மகிழ்ச்சியாகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

அடுத்து ஓவியர் சோபா சிங்கின் கூடம். பிரிவினைக்குப் பின் லாகூரை விட்டு இங்கே வந்து குடியேறி, 1986இல் மறையும் வரை தீட்டிக்கொண்டிருந்தவர். குருநானக்கின் திருவுருவத்தைக் கண்டதும் எங்கள் பெரியவர் திகைத்து நின்றுவிட்டார். அவருடைய வண்டியின் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருப்பதும் அதே படம்! "நாற்பது வருஷமாகக் கும்பிடுகிறேன், இதை ஒரு மனிதர் வரைந்திருப்பார் என்று எண்ணியதே இல்லை" என்றார். பிறகு அவரே எங்களுக்கு வழிகாட்டி ஆகிவிட்டார். சோஹ்னி–மகிவால் ஓவியத்தின்முன் நிறுத்திக் கதை சொன்னார். சோஹ்னி குயவன் மகள். இரவுதோறும் சுட்ட பானையை அணைத்துக்கொண்டு செனாப் நதியை நீந்திக் காதலனைக் காணச் செல்வாள். நாத்தி அதை அறிந்து, ஒருநாள் அப்பானையை எடுத்துவிட்டுச் சுடாத பானையை வைத்துவிட்டாள். நடு ஆற்றில் பானை கரைந்தது, சோஹ்னி மூழ்கினாள்.

"சுடாத பானை கரையுமா?" என்று மகள் கேட்டாள். பெரியவர் தெருவுக்கு அப்பால் கையைக் காட்டினார்.

அங்கேதான் மட்பாண்டக்கூடம் இருக்கிறது. தில்லி நீல மட்பாண்டத்துக்குப் புகழ் தேடித்தந்த குர்சரண் சிங்கின் மகனும் மருமகளும் 1983இல் தொடங்கியது. செம்மண் கலங்களின்மேல் குழைத்த வெண்களிமண்ணை மெல்லிய குழாய்வழியே ஒழுகவிட்டுக் கோலமிடுகிறார்கள். மாக்கோலம் இடுகிற விரல்களின் ஓட்டமேதான் அது. அன்னையார் அங்கிருந்த பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் அமர்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. புறப்படும்போது அந்தப் பெண் களிமண்குழாயை அவரிடமே நீட்டினாள். அன்னையார் ஒரு தட்டில் நான்கு புள்ளி வைத்து ஒரு சிக்குக்கோலம் இழைத்தார்.

மகள் சக்கரத்தில் ஒரு சிறு பானை செய்தாள், கோணலான பானை. காய்ந்து, பிறகு சூளையில் வேகப் பல நாள் ஆகும், சுட்டபின் அஞ்சலில் அனுப்புகிறோம் என்றார்கள். அவளோ சுடாமலே வேண்டும் என்று அடம்பிடித்தாள். மூன்றாம் நாள் அது வெயிலில் உலர்ந்திருந்தது. வைக்கோலில் பொதிந்து கொடுத்தார்கள்.

தர்மசாலைக்கு அருகில் திபெத்தியர்களின் நோர்புலிங்கா கலைக்கழகத்தையும் கண்டோம். 1988இல் நிறுவப்பட்டது. நீரோடைகள் சலசலக்கும் அதன் தோட்டத்தையும் துணியோவியம் தீட்டும் இளைஞர்களையும்பற்றித் தனியே எழுதலாம். ஆனால் அன்று மழை பிடித்துக்கொண்டது. மகளுடைய கவலையெல்லாம் வைக்கோல் பொதி நனையக்கூடாது என்பதுதான். தில்லி வரும்வரை அது அன்னையாரின் மடியிலே இருந்தது.

வீடு வந்த மறுநாள் காலை, பாட்டியும் பேத்தியும் மாடத்தில் பானையை வைத்து நீர் ஊற்றினார்கள். முதலில் ஒன்றும் நிகழவில்லை. பிறகு அடிப்பக்கம் கறுத்தது, விளிம்பு சாய்ந்தது, கால்மணி நேரத்தில் சேறும் நீருமாகத் தரையில் பரவிவிட்டது.

மகள் அந்தக் குறளை மெல்ல ஒருமுறை சொன்னாள். "அப்படியென்றால், ஏமாற்றிச் சேர்த்த பணம் இப்படித்தான் போகுமா, பாட்டி?" என்றாள்.

அன்னையார் பதில் சொல்லாமல் அவள் தலையைத் தடவினார். பின்னர் இருவரும் சேற்றை வழித்துத் துளசித் தொட்டியில் போட்டார்கள்.