காரிக்கு ஒரு கைப்பிடி

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். இந்த ஜல்லிக்கட்டு வரிசை மதுரைக்காரர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். வாடிவாசலை விட்டு வெளியே வரும் காளை களத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்தச் சில நொடிகளைப் படம் பிடிக்க உலகமே வருகிறது. மீதி வருஷம் முழுக்கக் கட்டுத்தறியில் அந்தக் காளைக்கு என்ன சாப்பாடு, யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் அலங்காநல்லூருக்குப் போனேன்.

மதுரைக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது ஊர். பெரியாறு பாசனத் தண்ணீர் பாயும் பக்கம் நெல்லும் கரும்பும் தென்னையும். பாலமேட்டுப் பக்கம் நகர நகர மானாவாரிக் காடும் மாந்தோப்பும். மாட்டுத் தீவனம் இந்த மண்ணின் கணக்குப்படியே அமைகிறது. அறுப்பு முடிந்ததும் வைக்கோல், வெட்டு நடக்கும்போது கரும்புத் தோகை, புஞ்சையிலிருந்து சோளத்தட்டை. இதெல்லாம் வயிறு நிறைவதற்கு. நான் பார்க்க வந்தது இதற்கு மேலே கையால் செய்து கொடுக்கிற சாப்பாட்டை.

நான் தங்கிய வீட்டில் காளையின் பெயர் காரி. புலிக்குளம் மாடு, கருப்பு நிறம், இறுக்கமான உடம்பு, திமில் மட்டும் தனியாக ஒரு மலை. பேரன்தான் அதை வாடிக்கு ஓட்டிப் போகிறவன். தீனிப் பொறுப்பு அப்பத்தாவுடையது. அறுபதைத் தாண்டியவர். "என் கையில தின்ன பெறகுதான் அது யாரையும் நிமிந்து பாக்கும் தாயி" என்றார். அடுத்த நாள் விடியலில் அது உண்மை என்று தெரிந்தது. நான் பத்தடி தள்ளி நின்றதற்கே தரையைக் கீறிய காளை, அவர் முந்தானை உரசினால் கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு படி பருத்திக்கொட்டையை அலசி வாளியில் ஊறப்போட்டிருந்தார். இரவெல்லாம் ஊறிய கொட்டை பஞ்சுத் தூவியோடு சாம்பல் நிறத்தில் உப்பியிருந்தது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கிக் காட்டினார். தோல் ஒரு பக்கம் வழுக்கிப்போக, இளமஞ்சள் பருப்பு வெளியே வந்தது. உற்றுப் பார்த்தால் அதில் ஊசி முனை அளவில் கரும்புள்ளிகள். "இப்படி வழுக்கணும். வழுக்கலேன்னா இன்னும் ஊறல. ரொம்ப ஊறிப்போனா புளிச்ச வாடை வந்துரும், அதைக் கீழதான் கொட்டணும்."

வீட்டில் கிரைண்டர் இருக்கிறது. மருமகள் இட்லிக்கு அதில்தான் ஆட்டுகிறார். கொட்டைக்கு மட்டும் வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல். கிரைண்டரில் பஞ்சு சுற்றிக்கொள்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பதம். மாவாக அரைந்துவிடக் கூடாது. கொரகொரப்பாக இருந்தால்தான் மாடு மென்று விழுங்கும், அசைபோடும். கல்லின் குழியில் வெள்ளைப் பால் கட்டி நிற்க, ஒரு கையால் குழவியைச் சுற்றி மறு கையால் தள்ளிவிடுகிறார். பாலும் சக்கையும் சேர்த்து வழித்துத் தொட்டியில் போட்டார். எதையும் பிழிந்து எறிவதில்லை. மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் நாம் வாங்கிக் குடிக்கும் பருத்திப்பாலுக்கும் இதே கொட்டைதான். நமக்குப் பாலை மட்டும் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். காளைக்கு முழுசாகப் போகிறது.

அந்தக் கரும்புள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பருத்திச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைக்கும் காசிபால் என்ற நச்சுப்பொருள் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. அசைபோடும் மாட்டின் பெருவயிறு முதிர்ந்துவிட்டால் அதில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும். இளங்கன்றுக்கு அந்த வலு இல்லை. வளர்ந்த காளைக்குமே அளவு மீறினால் விந்தின் தரம் கெடும். அப்பத்தாவுக்குக் காசிபால் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவர் கணக்கு இது: "கன்னுக்குட்டிக்குக் கொட்டை காட்டவே கூடாது. காரிக்கு ஒரு படி. அதுக்கு மேல ஒரு ஒழக்கு போட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

கடலைப் புண்ணாக்கு வேறு பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ஊறப்போடும் முன் ஒவ்வொரு துண்டையும் உடைத்து, உட்புறத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். பச்சையாகவோ கருப்பாகவோ பூசணம் தட்டியிருந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. ஈரத்தில் கிடந்த நிலக்கடலையிலும் அதன் புண்ணாக்கிலும் வளரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், அது கல்லீரலைத் தாக்கும், வேகவைத்தாலும் போகாது. ஆய்வகம் எதுவும் இல்லாத ஒரு வாசலில், மூக்கும் கண்ணும் கொண்டு இந்தச் சோதனை தினமும் நடக்கிறது. அதன் பிறகு தவிடு. அதிலும் ஒரு கண்டிப்பு: பழைய தவிடு ஆகாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும், மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொஞ்சம் துவரம்பொட்டு, ஒரு பிடி கல்லுப்பு, கால்நடை மருந்தகத்தில் சொல்லி வாங்கிய தாது உப்பு. கழனித் தண்ணி ஊற்றி முழங்கை வரை கைவிட்டுக் கலக்குகிறார். கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் விரலாலேயே உடைக்கிறார். காரி தொட்டிக்குள் மூக்கு வரை முக்கி, இழுத்து, மூச்சு விட்டு, மறுபடி முக்கியது.

நடைப்பயிற்சி முடிந்து பேரன் காளையை ஓட்டிவந்து கட்டிய பிறகு, அது எதிர்பார்த்து நிற்கும் இன்னொன்று இருக்கிறது. உருண்டை. வறுத்து அரைத்த கம்பு மாவு, இடித்த எள்ளுப் புண்ணாக்கு, துருவிய தேங்காய், இடித்த கருப்பட்டி. தண்ணீர் தெளித்து எலுமிச்சம்பழ அளவுக்குப் பிடிக்கிறார். மாடு நாக்கை நீட்டி அவர் உள்ளங்கையோடு சேர்த்து வழித்துக்கொண்டது. அந்த நாக்கின் சொரசொரப்பில் அவர் கை சிவந்துபோகிறது. ஒரே ஒரு உருண்டைதான். இரண்டாவதுக்காக அது முட்டி முட்டிக் கேட்டது. "போதும் சாமி, போ" என்று நெற்றியைத் தடவிவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்.

மார்கழி பிறந்தால் இந்த வீட்டில் சண்டையும் பிறந்துவிடுமாம். பேரனுக்கு அவசரம். பக்கத்து ஊரில் ஒருவர் பேரீச்சம்பழம் கொடுக்கிறார், இன்னொருவர் தினமும் நாட்டுக்கோழி முட்டை கொடுக்கிறார், பச்சரிசி ஊறவைத்துக் கொடுத்தால் மாடு திமிராக நிற்கிறது என்று கேள்விப்பட்டதையெல்லாம் காரிக்குக் கொடுக்க வேண்டும் என்று நிற்பான். அப்பத்தா விடமாட்டார். "வயித்துக்குச் சொல்லாம எதையும் குடுக்கக் கூடாதுடா" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். மாட்டுத் தீவனத்தைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடச் சரியான பேச்சு இல்லை.

மாடு உண்பது முதலில் தனக்காக இல்லை; தன் பெருவயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்காக. வைக்கோலையும் தட்டையையும் அவைதான் உடைத்துத் தருகின்றன. நாள்தோறும் மணிக்கணக்கில் அசைபோடும்போது நூறு லிட்டர் அளவுக்கு ஊறும் எச்சில், அந்த வயிற்றின் புளிப்பைத் தணித்துவைக்கிறது. திடீரென்று அரிசியோ சோறோ கூழோ நிறைய உள்ளே போனால் மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. வயிறு புளிக்கிறது. நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகின்றன. அசைபோடுவது நிற்கிறது, வயிறு உப்புகிறது, மாடு பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் இறந்துபோகும். அதனால்தான் புதுத்தீனி எதுவாக இருந்தாலும் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். முட்டை விஷயத்திலும் பேரனின் ஆசைக்கு அர்த்தம் குறைவு. அதன் புரதத்தில் ஒரு பங்கை அந்த நுண்ணுயிர்களே உடைத்துப்போடும். புண்ணாக்கிலும் பொட்டிலும் கிடைப்பதை அதிகக் காசு கொடுத்து வாங்குவதுதான் அது.

இந்தத் தவறு காளைகளோடு நிற்பதில்லை. பாசம் மிகுந்தால் நாம் சாப்பிடுவதையே பிராணிக்கும் நீட்டிவிடுகிறோம். மீனாட்சி கையில் கிளி வைத்திருக்கிறாள், அவள் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. அதே மதுரையில் எத்தனையோ வீடுகளில் லவ் பேர்ட்ஸுக்கும் காக்கட்டீல் கிளிக்கும் மிக்சரும் பிஸ்கட்டும் போகின்றன. உப்பும் எண்ணெயும் அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. முளைகட்டிய பயறு, தினை, கம்பு, முருங்கைக்கீரை, கொய்யாத் துண்டு, கேரட் துருவல் போதும். அவகாடோவும் சாக்லேட்டும் கிட்டவே வரக்கூடாது. (நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கோ-4 புல்லும் வேலியோரம் அகத்தியும் நிற்கின்றன. அதற்கு அப்பால் சோளம். முழங்கால் உயரத்தில் வாடி நின்ற அந்தச் சோளத்தைக் காட்டி மருமகள் சொன்னார்: "இதுல ஒரு வாய் வச்சாலும் மாடு போயிரும்க்கா. பூக்குற வரைக்கும் கயித்த நீளமாக் கட்ட மாட்டோம்." மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பூத்த பிறகு அது குறைந்துவிடும், அறுத்துக் காயவைத்த தட்டையில் இன்னும் குறையும். உடம்புக்கு நல்லது எது என்று தெரிவதைப் போலவே எது எப்போது ஆகாது என்று தெரிவதும் இந்தத் தொழிலில் பாதி.

நான் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பசு தீனி எடுக்காமல் நின்றது. கல்யாண வீட்டு மிச்சச் சோறு தின்றிருந்ததாம். மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வருவதற்குள் அப்பத்தா அம்மியில் உட்கார்ந்துவிட்டார். சீரகம், மிளகு, மஞ்சள், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், வெற்றிலை, கருப்பட்டி. அரைத்த விழுதைச் சிறு சிறு உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் கல்லுப்பில் புரட்டி, பசுவின் வாயைத் திறந்து நாக்கின் மேல் தேய்த்துவிட்டார். தஞ்சாவூரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவ ஆய்வு மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இப்படிப்பட்ட கைவைத்தியங்களைத் திரட்டி, முறைப்படுத்தி, விவசாயிகளுக்கும் மருத்துவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். ஒரு கிழவியின் அம்மி விழுதுக்குப் பல்கலைக்கழகத்தில் மரியாதை கிடைத்தது அவர் போன்றவர்களால்தான். மருத்துவர் வந்து சோடா உப்புக் கரைசல் கொடுத்து, ஊசியும் போட்டார். இரண்டும் தேவைப்பட்டன. மறுநாள் பசு அசைபோட்டது.

2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2015, 2016 இரண்டு தையிலும் இங்கே வாடிவாசல் திறக்கவில்லை. வருமானம் எதுவும் தராத, உழவுக்கும் போகாத காளையைக் கட்டித் தீனி போட முடியாமல் பலர் விற்றார்கள். காரிக்கு முந்தைய காளை அப்போது இந்தக் கட்டுத்தறியில் இருந்தது. "அது களத்துக்குப் போகலேன்னா பசிக்காதா?" என்று கேட்டார் அப்பத்தா. கொட்டை ஆட்டுவதை அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை. தடையை எதிர்த்து மெரினாவிலும் தமுக்கத்திலும் இளைஞர்கள் திரண்ட பிறகு, 2017 பிப்ரவரி 10-ம் தேதி அலங்காநல்லூர் வாடி மறுபடி திறந்தது. 2023 மே 18-ம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஜனவரியில் பக்கத்துக் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கமும் திறக்கப்பட்டது. வெளியூர்க்காரர்கள் போராட்டத்தை அறிவார்கள். அந்த இரண்டு வருஷமும் காய்ந்துபோகாத தொட்டிகளுக்கும் அதே அளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம். இல்லையென்றால் வாடி திறந்தபோது அவிழ்த்துவிட மாடு ஏது?

களத்துக்குப் போகும் நாளில் மூட்டை கட்டுவதும் அப்பத்தாதான். வண்டியில் வைக்கோல், தண்ணீர்க் குடம், கொஞ்சம் தவிடு. வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்கும், கூட்டத்தின் இரைச்சலில் பல காளைகள் தண்ணீர்கூடத் தொடாது. அன்று கொட்டை கிடையாது. கனத்த வயிற்றோடு மாடு ஓடக் கூடாது. திரும்பி வந்தால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், அதன் பிறகு வைக்கோல், காயம் இருந்தால் மஞ்சள். தொட்டித் தீனி மறுநாள்தான்.

ஒலிபெருக்கியில் காளையின் ஊர் வரும், உரிமையாளர் பெயர் வரும், கட்டிலும் பீரோவும் சைக்கிளும் பரிசாக வரும். இப்போது சில பெண்களின் பெயர்களும் அறிவிக்கப்படுகின்றன, நல்லது. ஆட்டுக்கல் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் பெயரையும் சொன்னால் விழாவுக்கு இன்னும் அழகு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற மாட்டுப் பொங்கலன்று உங்கள் வீட்டுப் பசுவுக்கோ காளைக்கோ பொங்கல் ஊட்டுங்கள், ஆனால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். பானையோடு வைக்காதீர்கள். தெருவில் வரும் மாட்டுக்கு வீடு வீடாகச் சோறு போடுவதையும் தவிருங்கள். ஆளுக்கு ஒரு பிடி என்றாலும் அதன் வயிற்றில் அது ஒரு பானைதான். வாழைப்பழம், அகத்திக்கீரை, ஒரு கட்டுப் புல் கொடுங்கள். மாடு அசைபோடாமல், வயிறு உப்பி நின்றால் காத்திருக்காமல் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.